திருக்கைக்குச் செதிள் இல்லை

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டால், ரீச்சர் ஏதோ பெரிய பிழை விட்டுவிட்டாள் என்று அர்த்தம். என் ஆசிரியர் வாழ்க்கையில் அப்படியான அமைதியை மூன்று நான்கு தடவைதான் கேட்டிருக்கிறேன். முதல் தடவை ஒரு திங்கட்கிழமை காலை. நான் மீன் வெட்டிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"முதல்ல செதிளை நல்லாச் சுரண்டினனான். பேந்து மஞ்சள் போட்டுக் கழுவி..."

முன்வாங்கில் இருந்த மனுவேல் குறுக்கே விழுந்தான். கையை உயர்த்திவிட்டுப் பேசு என்று அவனுக்கு நூறு தடவை சொல்லியாயிற்று.

"எதின்ர செதிள் ரீச்சர்?"

"வேற எதின்ர? திருக்கையின்ர செதிள்தான்."

அப்போதுதான் அந்த அமைதி வந்தது. வெளியே வேலியோரம் நின்ற கழுதை வாலால் ஈ ஓட்டும் சத்தம்கூடக் கேட்டது.

"திருக்கைக்குச் செதிள் இல்லையே ரீச்சர்," என்றான் மனுவேல். நோயாளியிடம் பேசுவதுபோல மெதுவாகத்தான் சொன்னான்.

பிறகு வகுப்பு கொல்லென்று சிரித்தது. வாங்கில் அடித்துச் சிரித்தார்கள். ஒருவன் சிரித்துச் சிரித்து வாங்கிலிருந்து விழுந்தான். திருக்கையின் தோல் எப்படியிருக்கும் என்பது அந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் கரும்பலகைக்கு முன்னால் சோக்குக் கட்டியோடு நின்றாள்.

மூன்றாம் வாங்கில் பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் திருக்கையை எனக்குக் கொண்டுவந்து தந்தவள் அவள்தான்.

அவள் ஏன் சிரிக்கவில்லை என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். எனக்கு நேராகக் கதை சொல்லத் தெரியாது என்பது இந்தப் பத்தியை வாராவாரம் வாசிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

கயிற்றில் வைத்த கை

நான் நெல் விளையும் ஊர்க்காரி. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வளர்ந்தவள். எங்கள் வீடு சுத்த சைவம். ஒரு முட்டைகூட எங்கள் படலையைத் தாண்டி உள்ளே வந்தது கிடையாது. அப்படிப்பட்ட எனக்கு முதல் நியமனம் கிடைத்தது மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாய்க்கு அங்கால் ஒரு சின்னக் கரையூரில். கடிதத்தைப் பார்த்து அம்மா அழுதார். ஐயா ஒரு மூட்டை அரிசியையும் இரண்டு போத்தல் ஊறுகாயையும் என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

இறங்கியதும் முகத்தில் அடித்தது கருவாட்டு மணம். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரும் நானும் மட்டும்தான். எனக்கு முன்னர் இரண்டாம் வகுப்புக்கு வந்த ரீச்சர்மார் ஒருவரும் ஒரு வருஷம் முழுதாக நிற்கவில்லை. நான் மட்டும் என்ன வீராங்கனையா? வந்த முதல் கிழமையே அழுதுகொண்டு இருந்து, இடமாற்றம் கேட்டுக் கல்விக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். இந்தக் கடிதத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கிழமை ஒருநாள் காலை வகுப்பில் நான்கே நான்கு பிள்ளைகள். மற்றவர்கள் எங்கே?

"கரைவலை இழுக்கினம் ரீச்சர்," என்றாள் ஒருத்தி. போகக் கிடைக்காத கவலை அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

கோபத்தோடு கரைக்குப் போனேன். வள்ளத்தில் போய்க் கடலில் வளைத்து விட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் பிடித்து ஊரே இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கயிற்றின் வாலில் என் வகுப்பு தொங்கிக்கொண்டிருந்தது. மனுவேலின் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் கயிற்றை விடவில்லை. அந்த நேரம் பார்த்து ஓர் அலை வந்து காலடி மணலை அரித்துக்கொண்டு போனது. விழாமலிருக்க நானும் இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கத்தோலிக்க ஊரார் ஒரு 'அருள்நிறை மரியே' செபம் சொல்லி முடிக்கிற நேரம் பிடித்திருப்பேன், அவ்வளவுதான்.

வலை ஏறியதும் சம்மாட்டியார் மீனைப் பங்கு பிரித்தார். வலைக்கும் வள்ளத்துக்கும் சொந்தக்காரர் அவர். சூசையப்பர் என்று பெயர். பிரித்து முடித்துவிட்டுக் கடைசியாக ஒரு சின்னக் குவியலை என் பக்கம் ஒதுக்கினார்.

"இது ரீச்சரின்ர பங்கு."

"ஐயோ, நான் இழுக்கேல்லை. பிள்ளையளைக் கூப்பிடத்தான் வந்தனான்."

"கயிறில கை வைச்சனீங்களெல்லோ? ஒருக்காக் கை வைச்ச ஆளுக்கு எந்நாளும் பங்கு குடுக்காமல் விட்டா வலைக்கு ஆகாது பிள்ளை. நாளைக்கு வலை வெறுமனே வரும்."

ஊர் முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. நான் மீன் சாப்பிடமாட்டேன் என்று அப்போதே சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. இருபத்திரண்டு வயதில் எனக்கு அந்தத் துணிவு இருக்கவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

நானும் பதிலுக்கு ஒன்று கேட்டேன். பள்ளிக்கூட மணி அடிக்க முதல் பிள்ளைகளை விட்டுவிட வேண்டும். சம்மாட்டியார் யோசித்தார். "அப்ப உங்கட பங்கை அதுகளே காவிக்கொண்டு வரட்டும்," என்றார். அன்றிலிருந்து என் மீனை யார் கொண்டுவருவது என்று பிள்ளைகளுக்குள் முறை வந்தது. முறை வந்த பிள்ளை பள்ளிக்குக் கள்ளம் போடவே மாட்டாது. மற்றதுகளும் பின்னால் ஊர்வலமாக வந்துவிடும். என் வரவு இடாப்பு நிரம்பியது. தலைமை ஆசிரியர் என்னைக் கெட்டிக்காரி என்றார். மீன்தான் கெட்டித்தனம் செய்தது என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

மதலேனம்மாவின் பூனை

நான் தங்கியிருந்தது மதலேனம்மா வீட்டில். தனியாக இருந்த அவர் எனக்கு ஓர் அறையும், சமைக்கத் தனி அடுப்பும் தந்திருந்தார். என் பங்கு மீன் அத்தனையும் அவருடைய சட்டிக்குப் போனது. மிச்சம் அவருடைய பூனைக்குப் போனது. மூன்று மாதத்தில் அந்தப் பூனைக்கு வேலி பாய முடியாமல் போயிற்று.

கொடுத்ததோடு பிள்ளைகள் விடவில்லை. மறுநாள் காலை விசாரணை நடக்கும்.

"ஒட்டி மீன் எப்பிடி ரீச்சர் இருந்தது?"

"பொரிச்சனீங்களோ, குழம்பு வைச்சனீங்களோ?"

"புளி காணுமோ ரீச்சர், இன்னும் வேணுமோ? அம்மா கேக்கச் சொன்னவ."

இதற்காகவே ஒவ்வொரு இரவும் மதலேனம்மாவிடம் பாடம் கேட்டேன். "சொதி வைச்சனான் எண்டு சொல்லுங்கோ பிள்ளை. தேங்காய்ப்பால் கடைசியா விட்டனான் எண்டும் சொல்லுங்கோ, அப்பதான் பிள்ளையள் நம்புங்கள்," என்பார். மீனைச் சாப்பிடுவது அவர், சாப்பிட்ட கதையைச் சொல்வது நான். நாளாக நாளாக எனக்கு அந்தக் கதை நன்றாகவே வரத் தொடங்கியது. முரல் மீன் முள்ளு தொண்டையில் சிக்கிய கதையொன்றைச் சொந்தமாகவே கட்டிவிட்டேன். அதற்கு மனுவேல் ஒரு வெறுஞ்சோற்று உருண்டையை விழுங்கச் சொல்லி வைத்தியமும் சொன்னான்.

அதே வாயால்தான் பொய் சொல்லக்கூடாது என்று படிப்பித்தேன். சுவரில் நானே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய பழமொழிகள் இருந்தன. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பதற்கு விளக்கம் சொன்ன நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒருவருடைய உப்பைத் தின்றால் அவரைச் சாகும்வரை மறக்கக்கூடாது என்றேன்.

"மறந்தா என்ன நடக்கும் ரீச்சர்?" என்று பிலோமினா கேட்டாள்.

"மறக்க ஏலாது, பிள்ளை. உப்பு விடாது," என்று ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். எங்கள் ஊரில் பிள்ளைக்குக் கோபத்தில் கழுதை என்று ஏசினால் பிள்ளை அழும். மன்னார்த் தீவில் அந்த ஏச்சு பலிக்காது. ஒருநாள் மனுவேலைக் கழுதை என்று ஏசினேன். அவன் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "அது அப்பவே போயிட்டுது ரீச்சர்," என்றான். கழுதைகள் வேலி தாண்டி வந்து சோறு கேட்கிற ஊரில் வேறு ஏச்சுத்தான் தேடவேண்டும். நான் தேடவில்லை. அந்தப் பிள்ளைகளை ஏச எனக்கு மனமே வருவதில்லை என்பதை அந்த நாட்களில்தான் கண்டுகொண்டேன்.

பாதித் திருக்கை

பிலோமினாவுக்கு ஏழு வயது. முன்பற்கள் இரண்டும் இல்லை. நான் கரும்பலகையில் எழுதும்போது என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எழுத்துக் கூட்டுவதென்றாலும் அப்படித்தான். தலைப்பை நான் இழுத்துக்கொண்டால் அவளுக்கு வாசிப்பு நின்றுவிடும். வாங்கில் போய் இருந்து வாசி என்று சொல்லிப் பார்த்தேன். "இஞ்ச நிண்டாத்தான் வரும் ரீச்சர்," என்றாள். சரி, நில் என்று விட்டுவிட்டேன்.

எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பிலோமினா பனையோலைப் பட்டையில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தாள். அவளுடைய தாய்க்கு அப்போதுதான் ஆண்குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு தேற அந்தக் கரையில் திருக்கை கொடுப்பார்கள். தகப்பன் அதற்கென்றே பிடித்துவந்த திருக்கையில் பாதி பட்டையில் இருந்தது.

"அம்மா தந்துவிட்டவ. உங்களுக்கும் உடம்பு தேறவேணுமாம்," என்றாள். நான் வாங்கும்வரை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வழக்கம்போல மதலேனம்மாவிடம் கொடுத்தேன். அன்று பின்னேரமே அவர் அதைத் தூக்கிக்கொண்டு பேசாலையில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை காலையும் திரும்பவில்லை. திருக்கையை எப்படிச் சமைப்பது என்று எனக்குச் சொல்லித்தர ஆளில்லை. சொந்தப் புத்தியில் போனேன். கதையில் செதிளைச் சுரண்டினேன்.

எந்நாளும் தவக்காலம்

சிரிப்பு அடங்கியதும் மனுவேல் கேட்டான். "அப்ப நீங்கள் சாப்பிடேல்லையோ ரீச்சர்?"

கதிரையில் இருந்துவிட்டேன். இருபத்தாறு சோடிக் கண்கள். இனியும் ஒரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"இல்லை. நான் ஒருநாளும் மீன் சாப்பிட்டதில்லை. எங்கட வீட்டில ஒருத்தரும் சாப்பிடுறேல்லை. உங்களுக்கு மனம் நோகுமெண்டு பொய் சொல்லிப்போட்டன். பிழைதான்."

அவர்களுக்குப் பொய் பெரிதாகப் படவில்லை. மீன் இல்லாமல் ஓர் ஆள் உயிரோடு இருப்பதுதான் பெரிதாக இருந்தது.

"உங்களுக்கு எந்நாளும் தவக்காலமோ ரீச்சர்?" என்று ஒருத்தி பரிதாபமாகக் கேட்டாள்.

"தவக்காலத்திலயும் மீன் சாப்பிடலாமடி. இறைச்சிதான் ஏலாது. பாதர் சொன்னவர்," என்று பக்கத்தில் இருந்தவள் திருத்தினாள்.

"பாதரிட்டக் கேட்டு உங்களுக்கும் அனுமதி வாங்கித் தரட்டே?" என்றான் மனுவேல்.

நான் சிரித்துவிட்டேன். பிலோமினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மணி அடித்ததும் என்னைத் திரும்பிப் பாராமல் போனாள். மறுநாள் அவள் வரவேயில்லை.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம்தான், சொல்லிவைத்ததுபோல, கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. நான் கேட்ட இடமாற்றம் கிடைத்திருந்தது. அடுத்த தவணையிலிருந்து எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். இரண்டு தடவை வாசித்தேன். சந்தோஷம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சம்மாட்டியார் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார். ஊர் முழுக்கக் கதை பரவியிருந்தது.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே பிள்ளை. இவ்வளவு நாளும் அந்தப் பூனைக்கோ நாங்கள் வலை இழுத்தனாங்கள்?" என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, "எண்டாலும் பங்கு பங்குதான். நிப்பாட்ட ஏலாது. ஆருக்குக் குடுக்கிறதெண்டு நீங்களே சொல்லுங்கோ," என்றார்.

"பிலோமினான்ர அம்மாவுக்குக் குடுங்கோ," என்றேன். "அவவுக்குப் பிறகு, ஊரில ஆர் பிள்ளை பெத்தாலும் அந்த வீட்டுக்கு."

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் பிலோமினா வீட்டுக்குப் போனேன். தாய் குழந்தையோடு பாயில் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், நான் விடவில்லை. திருக்கைக்கு மன்னிப்புக் கேட்டேன்.

"மீனுக்காக இல்லை ரீச்சர்," என்றார் அவர். "முந்தி வந்த ரீச்சர்மார் எல்லாரும் எங்கட சாப்பாடு ஒத்துவரேல்லை எண்டுதான் போயிட்டினம். இந்த ரீச்சர் எங்கட மீன் சாப்பிடுறா, இவ போகமாட்டா எண்டு பிலோமினா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சவள். அதுதான்."

கதவுக்குப் பின்னாலிருந்து பிலோமினா எட்டிப் பார்த்துக் கேட்டாள். "அப்ப நீங்களும் போகப்போறியளோ?"

கடிதம் என் கைப்பையில் இருந்தது. ஓம் என்றால் அது உண்மை, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இல்லை என்றால் அது இன்னொரு பொய். பொய்யில் எனக்கு அலுப்பு வந்துவிட்டது.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் வா பிள்ளை," என்றேன்.

"நாளைக்கு நிப்பியளோ?"

"நாளைக்கு நிப்பன்."



உயிர் இல்லாதது

மறுநாள் இடைவேளை. சோற்றையும் கத்தரிக்காய்க் கறியையும் திறந்துவைத்துக்கொண்டு மேசையில் இருந்தேன். விளையாடப் போன வகுப்பு விளையாடாமல் திரும்பி வந்தது. முன்னால் பிலோமினா. வலக்கையை இறுக்கிப் பொத்தி வைத்திருந்தாள்.

"என்ன பிள்ளை?"

கையை விரித்தாள். உப்பு. கடல்நீர் தேங்கும் களப்பு ஓரத்தில் வெயிலுக்குத் தானாக விளைகிற சாம்பல் நிற உப்பு. சுரண்டி எடுத்துவந்திருக்கிறாள். வியர்வையில் பாதி கரைந்து உள்ளங்கை ஈரமாக இருந்தது. இரண்டு மூன்று மணல் பருக்கைகளும் ஒட்டியிருந்தன.

"இதுக்கு உயிர் இல்லை ரீச்சர். எண்டாலும் எங்கட கடல்தான்."

மனுவேல் இடையில் புகுந்தான். "நேற்றுப் பின்னேரம் எங்களை எல்லாம் கூப்பிட்டுக் கேட்டவள் ரீச்சர், கடலில உயிர் இல்லாதது என்ன எண்டு. நான் மணல் எண்டனான். அது சாப்பிட ஏலாதாம்."

பிலோமினா அவனைக் கவனிக்கவில்லை. சுவரில் நான் எழுதி ஒட்டியிருந்த 'உப்பிட்டவரை' பழமொழியை இடக்கை விரலால் காட்டினாள். "அதில எழுதிக் கிடக்கு," என்றாள். நான் கையைப் பிடிக்குமுன் உப்பு முழுவதையும் என் சோற்றில் கொட்டிவிட்டாள்.

இருபத்தாறு பிள்ளைகளும் மேசையைச் சுற்றி நின்றார்கள். பிசைந்தேன். ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தேன். நாக்கு சுருண்டது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் துப்பவில்லை. விழுங்கினேன். அது தொண்டைக்குள் இறங்குவதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ருசியோ ரீச்சர்?" என்று கேட்டாள் பிலோமினா.

இத்தனை மாதமும் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்கள் எல்லாம் ஞாபகம் வந்தன.

"உப்புக் கூடிப்போச்சு, பிள்ளை."

முதலில் சிரித்தது அவள்தான். இரண்டு பல் இல்லாத வாயைத் திறந்து அப்படி ஒரு சிரிப்பு. பிறகு வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அடுத்த பிடியையும் எடுத்து வாயில் வைத்தேன்.

"அப்ப நாளைக்குக் குறைச்சுக் கொண்டுவாறன்," என்றாள்.

அன்று பின்னேரமே கல்விக் கந்தோருக்கு எழுதினேன், எனக்கு இடமாற்றம் வேண்டாம் என்று. காரணம் கேட்பார்கள் என்று தெரியும். தனிப்பட்ட காரணம் என்று எழுதினேன். வீட்டுக்கும் ஒரு கடிதம் போட்டேன். ஐயா ஒரு மாதம் என்னோடு கோபமாக இருந்துவிட்டுப் பிறகு இன்னொரு மூட்டை அரிசியோடு வந்தார். ஒன்பது வருஷம் அந்த ஊரில் இருந்தேன். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு என் பங்கு மீன் போய்க்கொண்டே இருந்தது.

பிலோமினா மறுநாளும் உப்புக் கொண்டுவந்தாள். அன்றைக்கு அளவு சரியாக இருந்தது.